கொடிப்பந்தலுக்குப் பின்னால் நின்று கேட்டது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சமஸ்கிருத நாடகங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை காப்பியோடு, இரண்டாம் தடவை கோபத்தோடு. கட்டுரையாளர் சொல்வது இவ்வளவுதான். அந்த நாடகங்கள் பண்டிதர்கள் பண்டிதர்களுக்காக எழுதியவை. நாடகம் பார்ப்பவர் மனசில் பிறக்கும் சுவை என்று சொல்லப்படும் ‘ரசம்’ வெறும் ஏட்டுச் சரக்கு. ராஜா வந்து நிலாவைப் பார்த்து நாலு சுலோகம் சொன்னால் எந்த மனுஷனும் அழமாட்டான்.

நான் அழுதேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. தக்கலைப் பக்கம் வீடு. 1974-ல் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து, 2014-ல் ஓய்வு பெற்றேன். அதில் முதல் பதினைந்து வருஷம், வெளியூர் கால்களைக் கையால் இணைக்கும் ட்ரங்க் போர்டில் உட்கார்ந்திருந்தேன். மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் அது வரும். ஆக, கட்டுரையாளர் சொல்லும் ‘பண்டிதர்’ கணக்கில் என்னை எந்த வழியாகவும் சேர்க்க முடியாது.

இரண்டு வருஷம் முன்பு திருவனந்தபுரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் என்னை, கேரளத்தில் சமஸ்கிருத நாடகங்களை ஆடும் கூடியாட்டம் பார்க்க அழைத்துப் போனாள். பாசன் என்ற பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் எழுதிய ‘ஸ்வப்னவாசவதத்தம்’. போகும்போதே, “அம்மா, மெதுவாப் போகும், தூங்கிராத” என்று சொல்லித்தான் கூட்டிப் போனாள். முப்பது பேர்கூட இல்லை. மேடையில் ஒரு பெரிய குத்துவிளக்கு, பின்னால் மிழாவு என்ற பானை முழவு, ஓரத்தில் தாளம் போடும் பெண். அவ்வளவுதான். விளக்கில் மூன்று திரி: இரண்டு ஆடுகிறவரைப் பார்த்து, ஒன்று நம்மைப் பார்த்து. ஆடுகிறவர்களின் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. ஒரு பூவின் சின்ன விதையைக் கீழிமைக்குள் வைத்துக்கொள்வார்களாம், மகள் சொன்னாள். கேட்டதும் எனக்கே கண் உறுத்தியது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்ல வருவது விளங்காது. வத்ஸ நாட்டு ராஜா உதயணன். அவன் மனைவி வாசவதத்தை, உஜ்ஜயினி ராஜாவின் மகள். நாட்டை எதிரியிடம் இழந்தாயிற்று. மீட்க வேண்டுமென்றால் மகத ராஜாவின் துணை வேண்டும், அதற்கு அந்த ராஜாவின் தங்கை பத்மாவதியை உதயணன் கட்டிக்கொள்ள வேண்டும். மனைவி உயிரோடு இருக்கும்வரை அவன் சம்மதிக்கமாட்டான். மந்திரி யௌகந்தராயணன் ஒரு காரியம் செய்கிறான். லாவாணகம் என்ற ஊரில் தீப்பிடித்து ராணி செத்துப்போனாள் என்று கதை கட்டிவிட்டு, அவளை அவந்திகை என்று வேறு பெயரில், அந்தப் பத்மாவதியிடமே அடைக்கலமாக விட்டுவிடுகிறான். வாசவதத்தைக்கும் இதில் சம்மதம். ராஜாவுக்கு ஒன்றும் தெரியாது.

தன் புருஷனுடைய இரண்டாம் கல்யாணத்துக்கு மாலை கட்டும் வேலையும் அவள் தலையிலேயே வந்து விழுகிறது. பூக்கூடையில் இரண்டு மூலிகை. ஒன்று விதவையாகாமல் காக்கும் மூலிகை. “இதை நிறைய வைக்கணும், எனக்கும் பத்மாவதிக்கும் சேர்த்து” என்கிறாள். மற்றது சக்களத்தியை ஒழிக்கும் மூலிகை. “இது வேண்டாம்” என்று ஒதுக்கிவிடுகிறாள். அந்த ‘வேண்டாம்’ சொல்லும் இடத்தில் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி “அய்யோ” என்றாள். பாட்டியும் பண்டிதை இல்லை.

நாலாவது அங்கத்துக்கு வருகிறேன். தோட்டம். பவழமல்லி பூத்துக் கிடக்கிறது. முத்தும் பவழமும் சேர்த்துக் கோத்தமாதிரி என்று சொல்கிறார்கள், அந்தப் பூவுக்கு வேறென்ன சொல்ல முடியும். பத்மாவதி, வாசவதத்தை, ஒரு தோழி மூவரும் இருக்கும்போது ராஜாவும் அவன் விதூஷகத் தோழன் வசந்தகனும் வருகிறார்கள். பெண்கள் ஒரு கொடிப்பந்தலுக்குள் போய் ஒளிகிறார்கள். ராஜா வெளியே கல் திண்ணையில் உட்காருகிறான். வசந்தகன் வம்புக்காரன். கேட்கிறான்: “உண்மையைச் சொல். உனக்கு யாரைப் பிடிக்கும்? அப்போதிருந்த வாசவதத்தையா, இப்போதிருக்கும் பத்மாவதியா?”

ஆசிரியர் அவர்களே, அந்த இடத்தில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். சொல்லப்போகிறவன் வெளியே. செத்துப்போனதாக அவன் நம்பும் மனைவி உள்ளே. புதுப் பெண்டாட்டி அவளை ஒட்டியே நிற்கிறாள், தன் பக்கத்தில் இருப்பவள் யாரென்று தெரியாமல். மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு, எல்லாம் தெரிந்து, ஒன்றும் சொல்ல வழியில்லாமல் நாம். ராஜா முதலில் மழுப்புகிறான். வசந்தகன் விடவில்லை. கடைசியில் சொல்கிறான்: பத்மாவதியின் அழகுக்கும் குணத்துக்கும் இனிமைக்கும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வாசவதத்தையிடம் கட்டுண்டு கிடக்கும் என் மனசைப் பத்மாவதி இன்னும் எடுத்துப்போகவில்லை.

உள்ளே வாசவதத்தை தனக்குள் சொல்லிக்கொள்கிறாள்: பட்ட பாட்டுக்கு வேதனம் கிடைத்தாயிற்று, மறைந்து வாழ்வதிலும் லாபம் உண்டு. மூலத்திலேயே ‘வேதனம்’ என்ற சொல்தானாம். மகள் கையிலிருந்த மலையாளச் சுருக்கத்தில் பார்த்தேன். சம்பளம்! நாற்பது வருஷம் சம்பளம் வாங்கினவளுக்கு அந்தச் சொல் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று கட்டுரையாளர் யோசிக்கட்டும்.

அதோடு நின்றதா? தோழி ராஜாவின் மேல் குறைப்படுகிறாள், இப்படியா சொல்வது என்று. பத்மாவதி, “அப்படிச் சொல்லாதே. இன்னும் அந்த அக்காளின் குணத்தை நினைக்கிறாரே, அவர் நல்ல மனசுக்காரர்தான்” என்கிறாள். எனக்கு உண்மையில் கண் நிறைந்தது இந்த இடத்தில்தான். வாசவதத்தைக்காக இல்லை, இந்தச் சின்னப் பெண்ணுக்காக. தனக்கு இடமில்லை என்று இப்போதுதான் காதால் கேட்டாள். கேட்டுவிட்டு அவனுக்கே பரிந்து பேசுகிறாள்.

ராஜாவின் கண்ணில் தண்ணீர். வசந்தகன் முகம் கழுவத் தாமரை இலையில் தண்ணீர் கொண்டுவரும்போது பத்மாவதி எதிரே வந்துவிடுகிறாள். “நாணல் பூவின் தூள் கண்ணில் விழுந்துவிட்டது” என்று வசந்தகன் பொய் சொல்கிறான். அவளுக்குத் தெரியும். தெரியாதமாதிரி தண்ணீரைக் கொடுக்கிறாள். மகள் திரும்பி, “அம்மா, அழுகியா?” என்றாள். “விளக்குப் புகை” என்றேன்.

இனி டெலிபோன் விஷயம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் யாரும் மெமோ கொடுக்க முடியாது.

ட்ரங்க் போர்டில் இணைப்பு வயரைச் செருகி இரண்டு பக்கத்தையும் இணைத்தபின் ஆபரேட்டர் காதை எடுத்துவிட வேண்டும். லைன் சரியாக இருக்கிறதா என்று நடுவில் ஒருதரம் பார்க்கலாம், மூன்று நிமிஷம் ஆனதும் சொல்லலாம், அவ்வளவுதான். ஒட்டுக்கேட்கக் கூடாது. அது விதி. எல்லோரும் கேட்டோம். கேட்காத ஆபரேட்டர் என்று ஒருத்தி இருந்தாளென்றால் அவளுக்குக் காது கேட்காது என்று அர்த்தம்.

1981 ஐப்பசி என்று நினைவு, நல்ல மழை. ஒரு கிராமத்துத் தபாலாபீஸிலிருந்து பம்பாய்க்கு பி.பி. கால். பர்ட்டிகுலர் பர்சன்: இன்னார் வந்தால்தான் பேசுவேன் என்று புக் செய்வது. மத்தியானம் புக் செய்தது சாயங்காலம் கிடைத்தது. பெண் பாவம் அவ்வளவு நேரமும் தபாலாபீஸ் திண்ணையில். இணைத்தேன். மழையில் லைன் கெட்டு, ஒரு பக்கம்தான் போகிறது. அவர் பேசுவது இவளுக்குக் கேட்கிறது, இவள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. நடுவில் எனக்கு இரண்டும் கேட்கிறது.

“ஹலோ, ஹலோ, கேக்குதா?”

“கேக்கு. சொல்லுங்க.”

“ஹலோ! ஒண்ணும் கேக்கலியே.”

“எனக்கு கேக்கு. நான் இங்கதான் நிக்கேன்.”

இரண்டு மூன்று தடவை கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்தினார். ஆனால் ரிசீவரை வைக்கவில்லை. லைன் செத்துவிட்டது என்று நினைத்திருப்பார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், சத்தமே இல்லாத குரலில், தனக்குத்தானே பேசுகிறமாதிரி: “இங்கயும் மழதான். நீ அந்தப் பச்ச பார்டர் சேலயக் கெட்டிக்கிட்டு வாசல்ல நின்னியே, அதத்தான் நெனச்சிட்டு கெடக்கேன். அஞ்சு மாசமாச்சு.”

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவதுகூட நின்றுபோனது. “சொல்லுங்க” என்றும் சொல்லவில்லை. சொன்னால் எங்கே நிறுத்திவிடுவாரோ என்று பயந்தாள்போல. அவருக்குத்தான் கேட்காதே, ஆனாலும் பயம்.

நான் உடனே குறுக்கிட்டு, லைன் சரியில்லை, வேறு லைன் தருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிஷம் சொல்லவில்லை. பிறகுதான், “சார், ட்ரங்க் ஆபரேட்டர். நீங்க பேசினது அவங்களுக்குக் கேட்டுச்சு, அவங்க பேசறதுதான் உங்களுக்கு வரலை” என்றேன். என் குரல் அவருக்குப் போயிற்று. அந்தப் பக்கம் ஒரே அமைதி. அப்புறம் பழைய கத்தலில், “மணியார்டர் வந்துச்சான்னு கேளுங்க!” என்றார். கேட்டேன். “வந்துச்சுன்னு சொல்லுங்க” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. “வேற?” என்றேன். “வேற ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க.” டிக்கெட்டில் லைன் ஃபால்ட், சார்ஜ் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த காலுக்குப் போனேன்.

நேருக்கு நேராக இருந்திருந்தால் அந்த மனுஷர் அதைச் சொல்லியிருப்பாரா? மணியார்டரைத்தான் கேட்டிருப்பார். உதயணனும் அப்படித்தான். எதிரில் அவள் இருக்கிறாள் என்று தெரிந்தால் ராஜா என்ன பேசியிருப்பான், நிலாவைப் பற்றிச் சொல்லியிருப்பான். அவள் இல்லை என்று நினைக்கிறான், அதனால் சொல்கிறான். அவள் இருக்கிறாள், அதனால் அது போய்ச் சேருகிறது. அவளால் பதில் பேச முடியாது, அதனால் அந்தப் பதில் நம் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாடகம் எழுதினவனுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. பார்க்கிற நம்மைக் காதலர்களுக்கு எதிரே உட்கார வைக்காமல் கொடிப்பந்தலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறான்.

அடுத்த அங்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறான். பத்மாவதிக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டு, அவள் படுத்திருப்பாள் என்ற இடத்துக்கு ராஜா வருகிறான். அவள் இல்லை. காத்திருந்தவன் அங்கேயே தூங்கிவிடுகிறான். வாசவதத்தை வருகிறாள். இருட்டு. பத்மாவதிதான் போர்த்திப் படுத்திருக்கிறாள் என்று நினைத்துக் கட்டிலில் ஒட்டி உட்காருகிறாள். ராஜா தூக்கத்தில், “ஹா வாசவதத்தா!” என்கிறான். அவள் பதறி எழுந்திருக்கிறாள், கண்டுகொண்டுவிட்டாரோ என்று. இல்லை, கனவு. போகலாம். போகவில்லை. கொஞ்சம் நேரம் நின்று பார்த்துக் கண்ணும் மனசும் நிறையட்டும் என்று நிற்கிறாள். அவன் கனவில் கேட்கிறான், அவள் நிஜத்தில் பதில் சொல்கிறாள்.

“கோபமா?”

“இல்லை இல்லை. துக்கம்.”

“கோபமில்லையென்றால் நகை ஏன் போடவில்லை?”

“இதைவிட வேறென்ன வேண்டும்?”

“விரசிகையை நினைக்கிறாயா?”

“சீ போங்க, இங்கேயும் விரசிகையா!”

நாடகத்தில் இப்போது நான் சொன்னதெல்லாம் ரசிகர்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதக் கை வந்துவிட்டது. விரசிகை என்று பழைய கதை ஒன்று உண்டு போலிருக்கிறது. செத்துப்போனவளாக இருக்கும்போதுகூட அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்று வருகிறது. முப்பது பேரும் சிரித்தோம். சிரித்த வாய் மூடுவதற்குள், கட்டிலிலிருந்து தொங்கிக் கிடந்த அவன் கையை அவள் பார்க்கிறாள். எடுத்து மேலே வைத்துவிட்டுப் போகவேண்டும். வைக்கிறாள். மேடையில் கட்டில் என்று இருந்தது ஒரு மரப்பீடம்தான். மிழாவு அடங்கிவிட்டது. குனிவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்றால், நான் என் கையைப் பார்த்தேன், மடியில் அதுவும் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

கணவன் மனைவி ஒருவரையொருவர் தொடுவது அந்தக் காட்சியில் அந்த ஒரு தரம்தான். இது சும்மா கூச்சத்தால் வந்ததல்ல. மேடையில் கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது, ஒன்றாகப் படுப்பது கூடாது என்று பரதருடைய நாட்டிய சாஸ்திரம் என்ற பழைய நாடக இலக்கண நூல் சொல்கிறது. காரணமும் சொல்கிறது: தகப்பனும் மகனும் மருமகளும் மாமியாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது நாடகம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாமியாரோடு உட்கார்ந்து டி.வி. பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. ஆனால் பாருங்கள், அந்தத் தடையே உபகாரமாகப் போயிற்று. காட்டக் கூடாததைக் காட்டாமல் எப்படி உணரவைப்பது என்ற வித்தையை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். தொங்கும் கையை எடுத்து வைப்பதில் ஒரு தாம்பத்தியம் முழுக்க வந்துவிட்டது.

கட்டுரையாளர் ஏட்டுச் சரக்கு என்று தள்ளிய ரசத்துக்கு வருகிறேன். அதே சாஸ்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் பரதர் இதைச் சமையலை வைத்துத்தான் விளக்குகிறார். பலவிதக் கறியும் பச்சிலையும் பொருளும் சேர்ந்து ஒரு சுவை பிறப்பதுபோல, விபாவம், அனுபாவம், வியபிசாரி பாவம் மூன்றும் கூடும்போது ரசம் பிறக்கிறது என்கிறார். எங்கள் ஊர்த் தீயலைச் சொல்கிறேன். தேங்காயை வறுத்து, மல்லி வற்றல் சேர்த்து அரைத்து, புளி விட்டுக் கொதிக்க வைக்கிறோம். தேங்காயைக் கடித்துப் பார்த்தால் தீயல் ருசி இருக்காது, புளியிலும் இருக்காது, மல்லியிலும் இருக்காது. கூடினபிறகுதான் ஒன்று வருகிறது, அது எதன் ருசியும் இல்லை. பவழமல்லித் தோட்டம், இருட்டு, தூங்குகிற ராஜா, இதெல்லாம் விபாவம், உணர்ச்சியைத் தூண்டும் ஆளும் சூழலும். அவள் பின்வாங்குவது, குரல் தடுமாறுவது, கை நீள்வது அனுபாவம், உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது. நடுவில் வந்து வந்து போகும் சின்னச் சின்ன மனநிலைகள் வியபிசாரி. பயம், வெட்கம், ஆசை, பொறாமை, துக்கம். அப்படி 33 என்று எண்ணிப் பட்டியல் போட்டிருக்கிறார் மனுஷர். வாசவதத்தை அந்தச் சின்ன நேரத்தில் குறைந்தது ஐந்தாறைத் தொட்டுவிட்டாள். அடியில் நிலையாக இருப்பது ரதி, அன்பு. அதை யாரும் பெயர் சொல்லிப் பரிமாறவில்லை. நம் நாக்கில் தெரிந்தது.

ஆனால் அந்த அன்பு யாருடையது? எனக்கு உதயணன் உறவா? பம்பாய்க்காரர் உறவா? காஷ்மீரத்தில் சுமார் ஆயிரம் வருஷம் முன்பு இருந்த அபிநவகுப்தர் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். காளிதாசனின் சாகுந்தல நாடகத்தின் தொடக்கத்தில், துரத்தும் தேரைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஓடும் மானை எடுத்துக்கொள்கிறார். அதைப் பார்க்கும்போது நமக்கு வருவது அந்த மானின் பயமும் இல்லை, நம் சொந்தப் பயமும் இல்லை. ஆள், இடம், காலம் கழன்று வெறும் பயமாக நிற்கிறது, அதனால்தான் ருசிக்க முடிகிறது என்கிறார். ருசி கெடுகிற தடைகளையும் சொல்கிறார். பார்க்கிறவன் தன் சொந்தச் சுகதுக்கத்தில் மூழ்கிக் கிடப்பது அதில் ஒன்று. தபாலாபீஸில் நின்ற பெண் என் தங்கையாக இருந்திருந்தால் எனக்கு வந்திருப்பது கவலை. ‘அஞ்சு மாசமா ஊருக்கு வரலியே, என்ன ஆச்சு’ என்று. தங்கையாக இல்லாததால்தான் அந்தப் பச்சை பார்டர் எனக்கு இன்றைக்கும் பச்சையாக இருக்கிறது.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அன்றைக்கு ஹெட்செட்டைக் கழற்றியபோது திருடிவிட்டு வந்தவள்போல இருந்தது. ஒரு வாரம் அந்தத் தபாலாபீஸ் கால் வந்தால் பக்கத்து சீட்காரியிடம் தள்ளிவிட்டேன். திருவனந்தபுரத்தில் நிறைந்த மனசோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். மேடையில் நடந்தால் ஒட்டுக்கேட்க நமக்கு உரிமை உண்டு, டிக்கெட் வாங்கியிருக்கிறோம்.

பண்டித மொழி என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு வார்த்தை. அந்த நாடகங்களில் ராஜா, மந்திரி, முனிவர் போன்றவர்கள்தான் சமஸ்கிருதம் பேசுவார்கள். வாசவதத்தை, பத்மாவதி, சகுந்தலை, தோழிகள், விதூஷகன் எல்லோரும் பேசுவது பிராகிருதம், அதாவது வீட்டுப் பேச்சு. சாகுந்தலத்து ஆறாம் அங்கத்தில் மோதிரம் கண்டெடுத்த மீன்காரரும் அவரைப் பிடித்துவரும் காவலர்களும்கூடத் தங்கள் தங்கள் பேச்சில்தான் வழக்காடுகிறார்கள். அடித்து இழுத்துவந்த காவலர்கள், ராஜா வெகுமதி கொடுத்ததும் மீன்காரரோடு கூட்டாளியாகிச் சேர்ந்து கள்ளுக்கடைக்குப் போகிறார்கள். பண்டிதருக்கு எழுதினவன் இதை எழுதுவானா?

(சாகுந்தலத்தில் முதல் அங்கத்திலேயே துஷ்யந்தனும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பெண்கள் பேசுவதைக் கேட்கிறான். எனக்கு அவனைப் பிடிக்காது. வாசவதத்தை ஒளிந்து நின்று கேட்பது வேறு, வேட்டைக்கு வந்தவன் ஒளிந்து நின்று கேட்பது வேறு. காளிதாசனைக் குறை சொல்லவில்லை, துஷ்யந்தனைத்தான் சொல்கிறேன்.)

கூடியாட்டம் பார்த்துவந்த பிறகு மகள் எனக்குப் பவபூதி என்ற இன்னொரு சமஸ்கிருத நாடகாசிரியரின் ‘உத்தரராமசரித’த்தை மொழிபெயர்ப்பில் வாசித்துக் காட்டினாள். அங்கேயும் அதே கணக்கு! மூன்றாம் அங்கம். சீதையைக் காட்டுக்கு அனுப்பிப் பன்னிரண்டு வருஷம். ராமன் பஞ்சவடிக்கு வருகிறான். கங்கையின் அருளால் சீதை யார் கண்ணுக்கும் தெரியாமல் பக்கத்தில் நிற்கிறாள், துணைக்குத் தமசா என்ற நதித் தேவதை. அவன் பழைய இடங்களைப் பார்த்து மயங்கி விழுகிறான். அவள் தொடுகிறாள். அந்தக் கை யாருடையது என்று அவனுக்குத் தெரிகிறது, கண்ணைத் திறந்தால் ஆள் இல்லை. அவனுடைய துக்கத்தை, வாயை மூடி மண் பூசிப் புடம் போட்ட மருந்துக்கு ஒப்பிடுகிறார் பவபூதி: உள்ளே வெந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. சீதைக்கு முதலில் அவன்மேல் இருந்த மனத்தாங்கல், கேட்கக் கேட்கக் கரைகிறது. மன்னிப்பு என்று எவரும் வாய் திறந்து கேட்கவில்லை.

அதே நாடகத்தின் முதல் அங்கத்தில் ராமன் வனவாசத்து ராத்திரிகளை நினைத்து ஒன்று சொல்வான். கன்னத்தோடு கன்னம் வைத்து, மெல்ல மெல்ல, முன்பின் இல்லாமல் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தோம், ஜாமம் போனது தெரியாமல் ராத்திரிதான் முடிந்தது என்று. பேச்சு முடியவில்லை, ராத்திரி முடிந்தது. “மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணவா?” என்று ஆயிரம் பேரைக் கேட்டவள் நான். மகளை அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன்.

கடைசி அங்கத்தில் பவபூதி செய்வது வேடிக்கை. வால்மீகி கங்கைக் கரையில் ஒரு நாடகம் போடுகிறார், அப்சரஸ்கள் நடிக்கிறார்கள். ராமனும் லட்சுமணனும் பார்வையாளர்கள். நாடகத்துச் சீதை அழுததும் ராமன் எழுந்துவிடுகிறான். அண்ணா, இது நாடகம் என்று லட்சுமணன் சொல்லவேண்டியிருக்கிறது. சமஸ்கிருத நாடகம் பார்த்து எந்த மனுஷனும் அழுததில்லை என்று எழுதினவருக்கு, ராமனே அழுதிருக்கிறான் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இதெல்லாம் நமக்கு அந்நியம் என்ற தொனியும் அந்தக் கட்டுரையில் இருந்தது. ‘நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று’ என்ற குறுந்தொகைப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அதன் அடியில் இருக்கும் துறைக் குறிப்பைப் பாருங்கள். தலைவன் சிறைப்புறத்தானாக, அதாவது வேலிக்குப் பின்னால் நிற்க, தோழி அவனைக் குறை சொல்ல, தலைவி விட்டுக்கொடுக்காமல் பேசியது. தன் அன்பு கடலைவிட ஆழமானது என்று அவள் சொன்னதை அவன் மறைவில் நின்று கேட்கிறான். கொடிப்பந்தலும் வேலியும் அவ்வளவு தூரத்தில் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார், பரதரும் ரசம் எட்டு என்றார். யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. அடுத்த வீட்டில் உறை மோர் வாங்கியதற்குக் கணக்கு எழுதுவதில்லை.

இன்னொன்று, இது எங்கள் ஊர்ப் பெருமை. இந்த ‘ஸ்வப்னவாசவதத்தம்’ பல நூற்றாண்டாகப் பெயர் மட்டும் தெரிந்து, ஏடு கிடைக்காமல் இருந்த நாடகம். பாசனின் பெயரில் இன்று வழங்கும் பதின்மூன்று நாடகங்களில் பெரும்பாலானவற்றின் ஓலைச்சுவடி கிடைத்தது பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில். கண்டெடுத்துத் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் 1912 முதல் அச்சேற்றியவர் த. கணபதி சாஸ்திரி, அவர் திருநெல்வேலிப் பக்கம் தருவையில் பிறந்தவர். பதின்மூன்றும் பாசனுடையவைதானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். பேருந்தில் மணலிக்கரையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், வாசவதத்தை ஒரு கட்டு ஓலைக்குள் மறைந்திருந்த இடம் இதுதான் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கு மறைந்து வாழ்வது புதிதா என்ன.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையில் கனவுக் காட்சி ஆறாம் அங்கத்தில் வருவதாக அச்சாகியிருக்கிறது. அது ஐந்தாம் அங்கம். ஆறாவதில் வருவது கோஷவதி என்ற உதயணனின் வீணையும், உஜ்ஜயினியிலிருந்து மாமியார் அனுப்பிய படமும். அந்தப் படத்தைப் பார்த்து, இது நம் வீட்டில் இருக்கும் அவந்திகை மாதிரி இருக்கிறதே என்று முதலில் கண்டுபிடித்துச் சொல்வது பத்மாவதி. கட்டுரையில் அவள் பெயரே இல்லை. அடுத்த இதழில் திருத்தம் போடும்போது அதையும் சேர்த்துப் போடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ட்ரங்க் ஆபரேட்டர்,
தக்கலை.